நான் காப்பாற்றினேன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் மச்சினன் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டே சொன்னது. மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. விமான அருங்காட்சியகம் ஒன்றில் காட்சி அரங்குகளை அமைப்பது அவன் வேலை. ஸ்டூல் மேல் ஏறி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, கீழே நிற்கிற என்னையும் என் மனைவியையும் பார்க்க வேண்டிய அவசியமில்லாத நிலையில்தான் அவனால் இதைச் சொல்ல முடிந்தது. விசிறியின் சத்தம் நின்றது. எனக்குத் தூக்கம் போனது.

எழுத்தாளன் என்று பேர் வாங்கியவனிடம் யாரும் எதையும் சும்மா சொல்வதில்லை. கிளம்பும்போது, இதையெல்லாம் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் போன் செய்து, எதுவரை எழுதியிருக்கிறேன் என்று விசாரித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு முடிவு என்னிடம் இல்லை. முடிவில்லாத கதை பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) விமானம் விழுந்து ஆறு வருடம் கழித்து ஒரு சிறுமி அதைக் காப்பாற்றினாள்.

நல்ல வாக்கியம்தான். எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதனாலேயே சந்தேகம் வந்தது. செத்தவர்களின் முதுகில் ஏறி நின்று கைதட்டல் கேட்கிற வாக்கியம். அடித்துவிட்டேன்.

(ஆ) அன்று வானம் மிகத் தெளிவாக—

வேண்டாம். விமானக் கதை என்றதும் வானத்திலிருந்து தொடங்க வேண்டுமா என்ன? இந்தக் கதையில் வானமே கிடையாது. எல்லாம் ஓர் ஒட்டுப்பலகைக் கூண்டுக்குள் நடக்கிறது.

(இ) "ஜனங்க காசு குடுத்துச் சாகறதுக்கா வர்றாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

இது இருக்கட்டும். அருங்காட்சியகத்தின் இயக்குநர் உண்மையிலேயே இப்படித்தான் கேட்டாராம். நான் உண்டாக்கியிருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரிய, கூண்டுக்குள் போக வேண்டும்.

3

பின்கூடத்தில், பழைய புரொப்பெல்லர் விமானங்களைத் தாண்டிப் போனால், ஒரு விமானத்தின் மூக்கு மட்டும் தனியாக நிற்கும். வெளியே ஒட்டுப்பலகை, உள்ளே அசல். இருக்கைகள், லிவர்கள், விளக்குப் பலகை எல்லாம் பழைய விமானங்களை உடைக்கிற இடத்தில் எடைக்கு வாங்கியவை. இருக்கைக்கு அடியில் குலுக்குகிற மோட்டார்களை மசாஜ் நாற்காலியிலிருந்து கழற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். முன்னால் வளைந்த திரை, காதருகே ஒலிபெருக்கி. எரிபொருள் வாடைக்கு ஒரு சின்னக் குப்பியும், அதை மூக்குக்குத் தள்ளிவிட ஒரு விசிறியும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்த காலம் மலையேறிவிட்டது. இப்போது பார்க்க வருகிறவன் உள்ளே இருக்க வேண்டும்.

உள்ளே நீங்கள்தான் விமானி. திரையில் ஓடுவது உண்மையிலேயே விழுந்த ஒரு விமானத்தின் கடைசி நிமிடங்கள். வாலில் ஓர் உறுப்பு உடைந்துகொண்டிருக்கிறது. அதை அறிவிக்க ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்ததும் மாற்று லிவரை இழுக்க வேண்டும். இழுத்தால் மூக்கு உயரும்.

நிஜத்தில் அந்த விளக்கு தாமதமாக எரிந்தது. விமானி உடனே இழுத்தார். மூக்கு உயர நேரம் பிடிக்கும், அதற்குள் தரை வந்துவிட்டது. யாரும் பிழைக்கவில்லை. யார் ஓட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று விசாரணைக் குழு சொன்னது. விசாரணை அறிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

மச்சினன் முதலில் அரங்கை உண்மையாகத்தான் செய்தான். கறுப்புப் பெட்டியின் பதிவுகளை வாங்கி, நொடி பிசகாமல் அமைத்தான். எந்த அரங்கையும் திறப்பதற்கு முன்னால் ஊழியர்களின் குடும்பங்களை அழைத்து வந்து சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்று கணக்காளரின் மாமியாரிலிருந்து காவலாளியின் மகன்வரை உட்கார்ந்த எல்லோரும் விழுந்தார்கள். திரை கறுக்கும், மோட்டார் நிற்கும், கதவு திறக்கும். ஒருவர் செடித்தொட்டியில் வாந்தி எடுத்தார். டீ விற்கிற பக்கம் ஒரு ஈ காக்கைகூடப் போகவில்லை. என் மனைவியும் அன்று தம்பியின் வேலையைப் பார்க்கப் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் வேறு ஏதோ கோபம் என்று நினைத்து, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

இயக்குநர் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டது அப்போதுதான். பார்வையாளர் தோற்றுப்போய் வெளியே வரக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். மச்சினன் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றினான். ஒரு மிடறு தண்ணீர் விழுங்குகிற நேரம் முன்னதாக விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் வேலை. அதற்குப் பிறகு கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்த எல்லோரும் விமானத்தைக் காப்பாற்றினார்கள். கைதட்டல் சத்தம் சேர்த்தார்கள். வெளியே வரும்போது சட்டையில் ஒட்டிக்கொள்ள வட்டமாக ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ‘நான் காப்பாற்றினேன்’ என்று அதில் அச்சிட்டிருந்தது.

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: செத்தவர்களின் வீட்டார் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யாருக்குமே தோன்றவில்லையா என ஸ்டூலுக்குக் கீழே நின்று கேட்டேன். விமானத்தின் எண்ணை எடுத்துவிட்டோமே என்றான். அந்த விமானம் எது என்று தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஸ்குரூ ஒன்று கைதவறி விழுந்தது, நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.]

4

இனி அந்தச் சிறுமி. விமானியின் மகள். அப்பா இறந்தபோது நான்கு வயது, இப்போது பத்து. பள்ளிக்கூடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். அம்மா பழைய புரொப்பெல்லர் விமானங்களைக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்து அனுப்பிவைத்தாள். கூண்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது கூடப் படிக்கிற ஒருத்தி, இது உங்க அப்பா ஓட்டினதுதானே என்று கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. குழந்தைகள் அப்படித்தான்.

சிறுமி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது, இழுத்தாள், மூக்கு உயர்ந்தது, கைதட்டல் கேட்டது. முதல் தடவையிலேயே.

சாயங்காலம் அம்மா கதவைத் திறந்தபோது மகளின் சீருடையில் அந்த ஸ்டிக்கர் இருந்தது. மகள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நான் காப்பாத்திட்டேம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் காப்பாத்தினாங்க. அப்பா மட்டும் ஏன் காப்பாத்தல?"

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அம்மாவின் முகம், கதவுப் பிடியில் அவள் கை, அடுக்களையில் பொங்கி வழிந்த பால்— அடித்துவிட்டேன். பால் பொங்கியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி போதும்.

5

அம்மாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் மூன்று வரைவு எழுதிவிட்டேன். முதல் வரைவில் அருங்காட்சியகத்துக்கு வந்து அழுதாள். அதைப் போனில் வாசித்துக் காட்டினேன். மேடம் அழவே இல்லை என்றான் மச்சினன். இரண்டாவது வரைவில் இயக்குநரின் மேஜையைத் தட்டிக் கத்தினாள். அதுவும் இல்லையாம். பிறகு என்னதான் செய்தாள்?

உட்கார்ந்தாளாம். பையை மடியில் வைத்துக்கொண்டாளாம். அரங்கை மூடச் சொல்லி அவள் கேட்கவில்லை. விளக்கு முன்கூட்டியே எரிகிறது என்று வெளியே ஒரு பலகை வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அறிக்கையைப் படித்த மிகச் சிலரில் அவளும் ஒருத்தி. விளக்கு எப்போது எரிந்தது என்று அவளுக்குத் தெரியும். இயக்குநர் மரியாதையாகப் பேசினார். டீ வரவழைத்தார். பலகை வைத்தால் விளையாட்டின் சுவாரசியம் கெட்டுவிடும் என்றும், இது யாரையும் குறிப்பிடுவதல்ல என்றும், வேண்டுமானால் ‘பொழுதுபோக்குக்காக மட்டும்’ என்று சின்ன எழுத்தில் போடலாம் என்றும் சொன்னார்.

என் மனைவி இந்த இடம்வரை படித்துவிட்டு, இயக்குநரை இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். நானும் தாளில் கேட்டுப் பார்த்தேன். மனிதர் கெட்டவராக வர மறுக்கிறார். அவர் மாதாமாதம் போடுகிற சம்பளக் கையெழுத்தில்தான் பத்துப் பதினைந்து பேரின் அடுப்பு எரிகிறது, அதில் என் மச்சினன் வீட்டு அடுப்பும் ஒன்று. "என் தம்பியவும் பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

பார்த்துத்தான் எழுதுகிறேன். இயக்குநரின் அறையிலிருந்து வெளியே வந்த அந்த அம்மாவை, படிக்கட்டுக்குப் பக்கத்தில் வழிமறித்து, விளக்கை முன்னால் தள்ளி வைத்தது நான்தான் என்று சொன்னவன் அவன். யாரும் கேட்காமல் சொன்னான்.

அவள் அவனைத் திட்டவில்லை. எண்ணைப் பழையபடி மாற்ற முடியுமா என்று கேட்டாள். ஒரே ஒரு தடவை, தன் மகளுக்காக. குழந்தை பயந்துவிடுவாள், ராத்திரியில் தூங்க மாட்டாள், நானே வந்து அவளிடம் விளக்கிச் சொல்கிறேன் என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான்.

"ஆறு வருஷமா நானும் வெளக்கிச் சொல்லிக்கிட்டுதான் சார் இருக்கேன். அப்பாவால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. இப்ப நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறா. வீட்ல நாங்க ரெண்டே பேரு. அதுல ஒருத்தி இன்னொருத்திய நம்பலன்னா எப்படி சார் இருக்கறது?"

இந்தப் பேச்சில் நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

6

விடுமுறை நாள் காலை. அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில் துப்புரவு நடக்கும், கூடத்தில் எல்லா விளக்குகளும் எரியும். அந்த வெளிச்சத்தில் கூண்டு அசிங்கமாகத் தெரியுமாம். ஒட்டுப்பலகையின் ஆணித்தலைகள், தரையில் ஒட்டிய ஒயர்கள், எல்லாம். நல்லதுதான் என்று நினைத்தானாம். குழந்தைக்கு இது வெறும் பலகை என்று தெரியட்டும்.

எண்ணைப் பழையபடி மாற்றியிருந்தான், இயக்குநருக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை போகும்.

அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு விஷயம் தெரியும். இந்தத் தடவை நிஜத்தில் எப்படியோ அப்படி என்று அம்மா சொல்லித்தான் அழைத்து வந்திருந்தாள். மகள் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா கூண்டின் வாசலில் நின்றாள். மச்சினன் சுவிட்சைப் போட்டான்.

(இதற்குப் பிறகு அவன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அலங்காரம் எதுவும் கிடையாது.)

முதல் தடவை. விளக்கு எரிந்த கணமே இழுத்தாள். மூக்கு கொஞ்சம் உயர்ந்தது. திரை கறுத்தது. மோட்டார் நின்றது. கைதட்டல் இல்லை.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை என்றாள்.

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவதும். நிறுத்திவிடலாம் என்று மச்சினன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் அறிக்கையைத்தான் படித்திருந்தாள். தரை வருவதைப் பார்த்ததில்லை.

நான்காவது தடவை மகள் விளக்குக்காகக் காத்திருக்கவில்லை. எரிவதற்கு முன்பே இழுத்துவிட்டாள். விமானம் பிழைத்தது. திரையில் ஓடுபாதை, இரண்டு பக்கமும் விளக்குகள்.

"பாத்தீங்களா" என்றாள்.

மச்சினன் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவனுக்குக் குழந்தைகளோடு பேசத் தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்கூடப் பரீட்சை எப்படி எழுதினாய் என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

"வெளக்கு எரியும்னு உனக்குத் தெரியும்மா. அப்பாவுக்குத் தெரியாதுல்ல."

அவள் யோசித்தாள். சரி என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு தானாகவே ஐந்தாவது தடவை கேட்டாள். இந்தத் தடவை விளக்கு எரிந்ததும் இழுத்தாள், இழுத்த கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த துணை விமானியின் இருக்கையைப் பார்த்தாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். தரை வந்தது.

மோட்டார் நின்றதும் அம்மா உள்ளே வந்து மகளின் தலையில் கை வைத்தாள். நம்புகிறாயா என்று கேட்டாளாம். நம்புவதாக மகள் சொன்னாள். அம்மா வாய்விட்டு மூச்சுவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மச்சினன் சுவிட்சை அணைக்க எழுந்தான்.

7

கதையை இங்கே நிறுத்தலாம். நிறுத்தி ஒரு வரைவும் எழுதினேன். அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் படிகளில் இறங்குகிறார்கள். வெளியே வெயில். மகள் எதையோ கேட்கிறாள், அம்மா சிரிக்கிறாள்— என்று போகும். மனைவியிடம் காட்டினேன். அன்று விசிறிக்குக் கீழே அவளும் நின்றிருந்தவள், மச்சினன் சொன்ன எல்லாவற்றையும் கேட்டவள். தாளைப் படித்துவிட்டு, நீங்களும் வெளக்க முன்னால தள்ளி வைக்கிறீங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றும் எழுதினேன். அதில் இயக்குநர் மனம் மாறிப் பலகை வைக்கிறார். என் வீட்டு நாய்கூட அதை நம்பாது. (வீட்டில் நாய் கிடையாது.) பலகை வைக்கவில்லை, அரங்கு அப்படியே ஓடுகிறது, ஸ்டிக்கர் தீர்ந்து புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். மச்சினனின் வேலை போகவில்லை. அன்று மத்தியானமே எண்ணைத் திரும்ப மாற்றிவிட்டான்.

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைக்க எழுந்தவனின் முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. அழுகிற குரல் அல்ல. கணக்கில் சந்தேகம் கேட்கிற குரல் என்றான்.

"அம்மா, வெளக்கு எரிஞ்சதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் இருக்கும்மா. இழுத்தாச்சு, ஆனா தரை இன்னும் வரல. அப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு, முடியாதுன்னு. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும்ல?"

8

அம்மா என்ன சொன்னாள்?

மச்சினனுக்குத் தெரியாது. அவன் கூண்டைவிட்டு வெளியே வந்துவிட்டான். புரொப்பெல்லர் விமானங்களைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, துப்புரவு செய்துகொண்டிருந்தவர்களைத் தாண்டி, கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றானாம். திரும்பி வந்தபோது கூண்டு காலியாக இருந்தது. இதைச் சொல்லும்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

நானாக எழுதிப் பார்த்தேன்.

"இல்லடி கண்ணு, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் அம்மா.

பொய். அந்தப் பெண் ஐந்து தடவை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அம்மாவை நம்பத் தொடங்கியிருக்கிறாள், அதே நிமிடத்தில் அது போய்விடும்.

"ஆமாம்மா, தெரிஞ்சிருக்கும்."

இதை எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சொன்ன பிறகு அந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் எந்த விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள்?

"அந்த நேரத்துல அப்பா உன்னத்தான் நினைச்சிருப்பார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கே கூசியது. மனைவியிடம் இதைக் காட்டவில்லை, ஆனால் அவள் மேஜையில் பார்த்திருக்கிறாள். பிறகு, துணி மடித்துக்கொண்டே, தான் அன்று அங்கே உட்கார்ந்தபோது யாரையும் நினைக்கவில்லை என்று சொன்னாள். லிவரை இன்னும் பலமாக இழுத்தாளாம், அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

அந்த அம்மாவைத் தேடிப்போய்க் கேட்டுவிடலாமே என்று நீங்கள் சொல்லலாம். மச்சினனிடம் விலாசம் இருக்கிறது. நான் போக மாட்டேன். ஒரு கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் தட்டுகிற அளவுக்கு இன்னும் நான் எழுத்தாளன் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம்.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இனி இறங்க முடியாது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் உங்களுக்கும் சொல்லிவிட்டேன், மறைத்து வைத்தது ஒன்றுமில்லை. என்னைவிட நல்ல மனிதராகவோ நல்ல அம்மாவாகவோ நீங்கள் இருக்கலாம். கேள்வி கேட்டவளுக்கு வயது பத்து. இருக்கை உயரம், அவள் கால்கள் தரையைத் தொடவில்லை. லிவரிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. பதில் வரட்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லுங்கள்.